விலை மதிப்பிட உதவி தேவை: கட்டை வெட்டப்பட்ட லோங் பிராஞ்ச் நம்பர் 4 துவக்கு

ஏரிக்கரையான் (மிசிசாகா) எழுதியது:

வணக்கம் உறவுகளே. எங்கள் தெருவில் வசிக்கும் மூதாட்டி ஒருவரின் கணவர் அண்மையில் காலமானார். அவர் நீண்ட காலம் மான் வேட்டைக்குப் பயன்படுத்திய .303 அளவு லீ-என்ஃபீல்ட் இராணுவத் துவக்கு ஒன்றை விற்க வேண்டியிருக்கிறது. என்னிடம் அனுமதிப்பத்திரம் இருப்பதை அறிந்த அந்த அம்மா, "நீயே எடுத்துக்கொள், விலையையும் நீயே நேர்மையாகச் சொல்" என்று பொறுப்பு முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார். அவருடைய மருமகனோ இணையத்தில் இதே பெயருள்ள துவக்கு ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, 1,200 டொலருக்கு ஒரு சதமும் குறையக் கூடாது என்கிறார்.

துவக்கின் இடப்பக்க இரும்பில் "நம்பர் 4 மார்க் 1 நட்சத்திரம், லோங் பிராஞ்ச், 1943" என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. சி எழுத்துக்குள் அம்பு வைத்த கனடிய அரசுச் சின்னமும் தெளிவாகத் தெரிகிறது. முன்கட்டை (குழலுக்கு அடியில் உள்ள மரப்பகுதி) பாதியில் வெட்டப்பட்டு, முனை உருட்டி வழவழப்பாக்கப்பட்டுள்ளது. குழலை மூடியிருக்க வேண்டிய மேற்கட்டைகள் இல்லை. பின்கட்டைக்குச் சிவப்பு ரப்பர் அடி போட்டு, பளபளவென்று வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். மேலே பழைய வீவர் கே4 தொலைநோக்கி ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. வாங்குபவனும் நானே, மதிப்பிடுபவனும் நானே என்பதால், பிற்காலத்தில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசாத தொகை எதுவென்று அறிய விரும்புகிறேன்.

பழந்துவக்கு (ஒட்டாவா) எழுதியது:

முதலில், மருமகன் பார்த்த விளம்பரத்தை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். அது பெரும்பாலும் முழுக் கட்டையும், கட்டையைக் குழலோடு பிணைக்கும் எல்லாப் பட்டிகளும், ஒரே தொடரிலக்கமும் உள்ள துவக்காக இருக்கும். உங்களிடம் இருப்பது அதே தொழிற்சாலையில் பிறந்திருந்தாலும், சந்தையில் அது வேறு பொருள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்த துவக்கு இது என்பதை அறிந்திருப்பீர்கள். 1940இல் கனடிய அரசு சிமோல் ஆர்ம்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தை அமைத்து, ஒன்ராறியோ ஏரிக்கரையில் லோங் பிராஞ்சுக்கு அருகே இந்தத் தொழிற்சாலையைக் கட்டியது. 1941இல் முதல் துவக்குகள் வெளிவந்தன. போர் முடிவதற்குள் பல இலட்சம் துவக்குகள் உற்பத்தியாயின. தொழிற்சாலையின் சோதனைக் கட்டடம் மட்டும் இன்று லேக்‌ஷோர் வீதியில் கலை மையமாக நிற்கிறது. இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட பொருளின் விலை, அது எந்த நிலையில் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஏறி இறங்கும். 1941ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டவை மிகவும் அரிது. அந்த ஆண்டுக்குரியது என்றால் கட்டை வெட்டப்பட்டிருந்தாலும் நான் வேறு கதை சொல்வேன். 1943 என்பது உற்பத்தி உச்சத்தில் இருந்த காலம். ஆண்டுக்கென்று தனியாக ஒன்றும் கூடாது.

போருக்குப் பிந்தைய இரு பத்தாண்டுகளில் இவை உபரி இராணுவப் பொருளாக மிக மலிவாக விற்கப்பட்டன. புதிய வேட்டைத் துவக்கு வாங்க வசதியில்லாத விவசாயியும் மரம் வெட்டுபவரும் இதை வாங்கி, எடை குறைய முன்கட்டையை அறுத்து, இலையுதிர்காலத்தில் மூஸ் மானுக்குக் கொண்டு போனார்கள். அன்று அதை யாரும் அழிவாகக் கருதவில்லை. அன்றைய கணக்கில் அது புத்திசாலித்தனமான செயல்தான். அப்படி அறுக்கப்பட்டவை இந்த நாட்டில் ஏராளமாக இருப்பதால்தான் அவற்றின் விலை இன்றும் கீழேயே நிற்கிறது.

இனி நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டியவை. துவக்கு வெறுமையாக இருப்பதை இரண்டு தடவை உறுதிசெய்த பின், போல்ட்டை, அதாவது ரவையை (தோட்டாவை) உள்ளே தள்ளும் தண்டை, பூட்டி, குழல் வாயிலிருந்து ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு, போல்ட் முகம் வரை நீளத்தை அளந்து பாருங்கள். இராணுவக் குழல் 25.2 அங்குலம், அதாவது 640 மில்லிமீற்றர். முனையில் பயனெட் பூட்டும் காதுகள் இருக்கின்றனவா? தொலைநோக்கியைத் தாங்கும் இரும்பு எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது? துளை போட்டிருந்தால் எங்கே, எத்தனை? இரண்டு பக்கத்தையும் பாலம் போல இணைக்கும், ரவைச் செருகியை வைக்கும் வளைவு முழுமையாக இருக்கிறதா, அல்லது தொலைநோக்கிக்காக அரைத்துத் தள்ளப்பட்டிருக்கிறதா? போல்ட் கைப்பிடியின் பின்புறத் தொடரிலக்கமும் உடலின் (போல்ட் ஓடும் நடு இரும்பின்) தொடரிலக்கமும் ஒன்றா?

கானகன் (சட்பெரி) எழுதியது:

சேகரிப்பாளர்கள் எப்போதும் இல்லாததைக் கணக்கிட்டு விலையைக் குறைத்துக்கொண்டே போவார்கள். நான் வேட்டைக்காரன், இருப்பதைப் பார்க்கிறேன். பத்து ரவைகள் கொள்ளும் கூடு, வேகமாக இயங்கும் போல்ட், வடக்கின் குளிரிலும் உறையாத பொறிமுறை. கனடிய ரேஞ்சர்கள் 1947இலிருந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இதே நம்பர் 4ஐத்தான் ஆர்க்டிக் பகுதியில் சுமந்தார்கள்; புதிய சி19 துவக்கு வந்த பிறகுதான் இறக்கி வைத்தார்கள். அத்தகைய கருவிக்கு, கட்டை குட்டையாகிவிட்டது என்பதற்காகப் பழைய இரும்பு விலை சொல்வது நியாயமா?

இருந்தாலும் வேட்டைக்காரன் கணக்கிலும் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தொலைநோக்கியுடன் சேர்த்துப் பெட்டி பிரிக்காத புதிய .308 துவக்கு ஒன்றைக் கடையில் 600, 700 டொலருக்கு வாங்கலாம். .308 ரவைகள் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும்; .303 ரவைகள் அவற்றைவிட விலை கூடியவை, சில கடைகளில் கேட்டு வரவழைக்க வேண்டும். எனவே நன்றாகச் சுடும் பழைய .303க்கு நான் 400 கொடுப்பேன். அதற்கு மேல் கேட்டால் கையைக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

திருத்துநன் (ஹமில்ற்றன்) எழுதியது:

இந்த வகைத் துவக்குகளைப் பழைய நிலைக்குத் திருப்புவது என் பொழுதுபோக்கு. "வாங்கிப் பழையபடி ஆக்கி விற்கலாம்" என்று யாராவது உங்களுக்கு ஆசை காட்டுவதற்கு முன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ள தொகைகள் கண்காட்சி மேசைகளிலும் இணைய விற்பனைகளிலும் நான் கொடுத்து வருபவை; ஊருக்கு ஊர் சிறிது மாறும்.

வெட்டிய துவக்கு 350 டொலர் என்று வைப்போம். நல்ல நிலையில் உள்ள முழு முன்கட்டையும் இரண்டு மேற்கட்டைகளும் 300. பட்டிகள், வார் வளையம், திருகாணிகள், முன்குறிக் காப்பு என்று சில்லறை இரும்புகளுக்கு 100. குறிபார்க்க உதவும் பின்குறி கழற்றப்பட்டிருந்தால் அதற்கு 80. பின்கட்டை ரப்பர் அடிக்காக அறுக்கப்பட்டிருந்தால் புதிய பின்கட்டைக்கும் பித்தளை அடித்தகட்டுக்கும் இன்னொரு 100. ஆக 930 டொலர் ஆகிறது. என் உழைப்பு இதில் சேரவில்லை. இப்படித் திருத்திய துவக்கை நான் மறைக்காமல் "மீளமைக்கப்பட்டது" என்று சொல்லி விற்றால் 700 வந்தாலே மகிழ்ச்சி. ஏனென்றால் மரமும் இரும்பும் நிறத்தில் ஒத்துப்போகா. முன்கட்டையின் அடியில் இருக்க வேண்டிய தொடரிலக்கம் இருக்காது.

மரவேலையும் இலகு அல்ல. நம்பர் 4இன் முன்கட்டை, பின்னால் இரும்போடு முட்டும் இரண்டு முகங்களில் இறுக்கமாக உட்கார வேண்டும். உதைப்பு முழுவதையும் அவைதான் தாங்குகின்றன. முனையில் குழலைச் சில இறாத்தல் விசையோடு மேல்நோக்கித் தாங்கவும் வேண்டும். இரண்டில் ஒன்று பிழைத்தாலும் சன்னங்கள் இலக்கில் சிதறும். இதை அறியாதவர் வாங்கிப் பூட்டிய "மீளமைப்பு", பார்க்க அழகாகவும் சுட மோசமாகவும் இருக்கும். நான் இதைச் செய்வது இலாபத்துக்காக அல்ல.

ஆகவே குழல் வெட்டப்படாததாக இருந்தாலும், "திருத்தினால் இவ்வளவு பெறும்" என்ற எதிர்கால விலையை இன்றைய விலைக்குள் நுழைக்காதீர்கள். குழல் முழுநீளம் என்றால் என்னைப் போன்றவர்கள் ஐம்பது, நூறு டொலர் கூடத் தருவோம், அவ்வளவுதான்.

ஏரிக்கரையான் எழுதியது:

நன்றி அண்ணன்மாரே. துவக்கு இப்போது அந்த அம்மாவின் வீட்டு நிலவறையில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. நாளை சென்று அளந்துவிட்டு எழுதுகிறேன். அதற்கிடையில் ஒரு கேள்வி. வெட்டப்பட்ட துவக்குகளில் சில பல ஆயிரம் டொலருக்கு விற்பதாக மருமகன் சொல்கிறார். அது பொய்யா?

மெஸ்கீட் (ரெக்சாஸ்) எழுதியது:

பொய்யல்ல. ஆனால் அந்த விலை வெட்டிய கைக்குத்தான் கிடைக்கிறது. அமெரிக்காவில் 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்ட் துவக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயோர்க்கில் 1923இல் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹவ் நிறுவனம் அந்த இராணுவத் துவக்கை வாங்கி, உயர்தர வாதுமை மரத்தில் புதிய கட்டை செதுக்கி, இரும்பைக் கையால் மெருகேற்றி, பக்கவாட்டுத் தொலைநோக்கித் தாங்கியையும் தானே செய்து பூட்டி விற்றது. பிலடெல்பியாவில் செட்ஜ்லி நிறுவனமும் அப்படி விற்றது. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆபிரிக்க வேட்டைக்குக் கொண்டு சென்றதும் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலை அவருக்கென மாற்றிக் கொடுத்த துவக்கே. இவற்றின் விலை, மாற்றப்படாத இராணுவத் துவக்கின் விலையைவிட எங்கோ மேலே நிற்கிறது. வாங்குபவர் அங்கே பணம் கொடுப்பது செதுக்கியவரின் கைவேலைக்கும், அதை நிறுவும் பெயர்ப்பொறிப்புக்கும் பத்திரத்துக்கும்தான். பெயரில்லாத கைவேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த விலையின் அருகில்கூடப் போகாது.

லீ-என்ஃபீல்ட் குடும்பத்தில் அதற்கு ஓரளவு நெருங்கி வருவது பேர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் தொழிற்சாலை முறையில் மாற்றி விற்ற துவக்குகள். நிறுவனப் பெயரும் பேர்மிங்காம் சோதனைச்சாலை முத்திரையும் குழலில் இருக்கும். அவைகூட மிதமான விலைக்கே போகின்றன; இருந்தாலும் வீட்டு வாளால் அறுத்தவற்றைவிட ஒரு படி மேல்.

மாற்றம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அடிப்படை இரும்பில் ஐயம் இருந்தால் விலை சரிந்துவிடும். ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையின் 800,000க்குக் குறைந்த தொடரிலக்கங்களும், றொக் ஐலண்ட் ஆயுதச்சாலையின் 285,507க்குக் குறைந்த தொடரிலக்கங்களும் கொண்ட 1903 துவக்குகளில் இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்திய முறை சீராக இல்லாததால், சில நொறுங்கிப் போயின. அந்த இலக்க வரம்புக்குள் வரும் அழகான வேட்டைத் துவக்கை, சுடாமல் சுவரில் வைக்க விரும்புபவர்தான் வாங்குவார். நம்பர் 4இல் அத்தகைய பெருங்குறை இல்லை. ஆனால் மார்க் 1 நட்சத்திர வகைக்கென்று ஒரு பலவீனம் உண்டு. அதை ஒட்டாவா அண்ணன் சொல்வார்.

பழந்துவக்கு எழுதியது:

சொல்கிறேன். மார்க் 1 வகையில் போல்ட்டைக் கழற்ற ஒரு சிறு அழுத்துப் பொறி இருந்தது. உற்பத்தியை விரைவாக்க, நட்சத்திர வகையில் அந்தப் பொறியை நீக்கிவிட்டு, போல்ட் தலை ஓடும் தண்டவாளத்திலேயே ஒரு வெட்டு விட்டார்கள். போல்ட் தலையை அந்த வெட்டுக்கு நேரே கொண்டுவந்து மேலே தூக்கினால் போல்ட் வெளியே வரும். பல ஆண்டுகள் உழைத்த துவக்குகளில் அந்த வெட்டின் ஓரம் உடைந்து போகும். அப்படி உடைந்தால், போல்ட்டை இழுக்கும்போது போல்ட் தலை தண்டவாளத்தை விட்டுத் துள்ளி எழும். திருத்துவதற்கு வெல்டிங் தவிர வேறு வழியில்லை. அதையும் எல்லோரும் நம்பி வாங்க மாட்டார்கள். நாளை பார்க்கும்போது போல்ட்டை மெதுவாகப் பின்னிழுத்து, வலப்பக்கத் தண்டவாளத்தில் அந்த வெட்டின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று கைவிளக்குப் பிடித்துப் பாருங்கள். சில்லு தெறித்திருந்தால் நான் சொல்லப்போகும் தொகையைப் பாதியாக்குங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். உடலின் இடப்பக்கத்தில் துளைகள் இருந்தால் அவை தொழிற்சாலைத் துளைகளா, ஊர்க் கம்மாலைத் துளைகளா என்று பிரித்தறிய வேண்டும். நம்பர் 4இல் குறிசுடுநர் துவக்குக்கு இடப்பக்கத்தில் இரண்டு இரும்புத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். முன்தகடு வட்டமானது, திருகாணிகளால் பூட்டப்பட்டது. உடலில் 'ரி' (T) எழுத்தும், பின்கட்டையின் கழுத்தில் அந்தத் துவக்குக்கே உரிய தொலைநோக்கியின் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். பிரித்தானியாவில் இந்த மாற்றத்தின் பெரும்பகுதியை ஹொலண்ட் அண்ட் ஹொலண்ட் நிறுவனம் செய்தது. லோங் பிராஞ்ச் தன் குறிசுடுநர் துவக்குகளைத் தானே செய்தது. உபரியாக விற்கப்பட்டபோது தொலைநோக்கி கழற்றப்பட்டு, சாதாரணத் துவக்கோடு துவக்காகப் போய்க் கட்டை வெட்டப்பட்டவையும் உண்டு. அப்படி ஒன்று கையில் வந்தால் மருமகனின் 1,200 குறைவு என்று நானே சொல்வேன். அதற்கான வாய்ப்பு மிகச் சிறியதுதான்; ஆனாலும் ஒரு விதவையின் பொருளுக்கு விலை சொல்பவர் அதைப் பாராமல் சொல்லக் கூடாது.

சிட்னித் தமிழன் எழுதியது:

இங்கே அவுஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலையின் பழைய நம்பர் 1 மார்க் 3 துவக்குகளுக்கும் இதே கதிதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பொதுமக்கள் இராணுவ அளவுத் துவக்குகளை வைத்திருக்கப் பல ஆண்டுகள் கட்டுப்பாடு இருந்ததால், .303 ரவையின் கழுத்தைச் சுருக்கி .25 அளவுச் சன்னம் போடும் வகையில் குழலையே மாற்றினார்கள். அத்தகைய .303/25 துவக்குகளை ஒரு காலத்தில் யாரும் மதிக்கவில்லை. இப்போது அந்தச் சட்டத்தின் வரலாற்றைச் சொல்லும் பொருள் என்று சிலர் தேடி வாங்குகிறார்கள். ஆனால் ரவை கடையில் கிடைக்காது, தானே செய்ய வேண்டும். எனவே தேடுபவர் இருந்தும் விலை பெரிதாக ஏறவில்லை.

நொய்யல் (கோயம்புத்தூர்) எழுதியது:

இந்தியாவில் .303 என்பது தடை செய்யப்பட்ட அளவு. காவல்துறையின் தோளில் நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியைச் சாதாரண உரிமம் வைத்திருப்பவர் வாங்க முடியாது. அதனால்தான் இஷாப்பூர் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்ட் பொறிமுறையில் .315 அளவில் வேட்டைத் துப்பாக்கியைப் பொதுமக்களுக்காகச் செய்து வந்தது. குட்டைக் கட்டையோடு இருக்கும் அதைப் படத்தில் பார்த்தால் வெட்டப்பட்ட இராணுவத் துப்பாக்கி போலவே தோன்றும். ஆனால் அது பிறக்கும்போதே அப்படிப் பிறந்தது, மாற்றப்பட்டது அல்ல. வெளிநாட்டில் யாராவது அதை "அரிய இந்திய இராணுவத் துப்பாக்கி" என்று விற்க வந்தால் குழலில் அளவு என்ன பொறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டின் தோட்டாவும் வேறு. மாற்றிப் போட்டுச் சுடுவது ஆபத்து.

இஷாப்பூரின் 7.62 அளவு 2ஏ1 துப்பாக்கிகள் பல அமெரிக்காவுக்குப் போயின. அங்கே சில இறக்குமதியாளர்கள் அவற்றின் குழலைக் குறைத்து, முனையில் கூம்பு வடிவத் தீச்சுடர் மறைப்பு வைத்து, "ஜங்கிள் கார்பைன்" என்று பெயரிட்டு விற்றார்கள். எந்தப் படையும் அந்த உருவில் அதைச் சுமக்கவில்லை. உண்மையான நம்பர் 5 ஜங்கிள் கார்பைனின் விலையை அதற்குக் கேட்பவர்களை இன்றும் காண்கிறோம். உண்மையான நம்பர் 5இல், எடை குறைய உடலிலும் குழலின் அடியிலும் இரும்பு குடைந்தெடுக்கப்பட்டிருக்கும். போலி செய்தவர்கள் அந்த வேலைக்குப் போவதில்லை.

ஏரிக்கரையான் எழுதியது:

பார்த்துவிட்டு வந்தேன். மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அளந்தேன்.

குழல் 640 மில்லிமீற்றர், வெட்டப்படவில்லை. பயனெட் காதுகளும் முன்குறியும் இருக்கின்றன. முன்குறியின் இரு பக்கக் காப்பு இல்லை. பின்குறி கழற்றப்பட்டிருக்கிறது. இடப்பக்கத்தில் மூன்று துளைகள் போட்டு, ஒரு நீளத் தகட்டைத் திருகாணிகளால் பூட்டி அதன் மேல் தொலைநோக்கியை ஏற்றியிருக்கிறார்கள். வட்டத் தகடு இல்லை, 'ரி' எழுத்து இல்லை, கட்டைக் கழுத்தில் இலக்கம் எதுவும் இல்லை. மூன்று துளைகளில் நடுவில் உள்ளது மற்ற இரண்டின் நேர்கோட்டிலிருந்து சற்று விலகியிருக்கிறது. செருகி வளைவு முழுமையாக இருக்கிறது. தண்டவாள வெட்டின் ஓரங்கள் நன்றாக இருக்கின்றன. போல்ட்டின் தொடரிலக்கம் உடலோடு ஒத்துப்போகவில்லை. போல்ட் தலையில் 2 என்ற இலக்கம் இருக்கிறது. குழலின் உள்ளே பள்ளங்கள் தெளிவாகத் தெரிகின்றன. வாயிலிருந்து ஓர் அங்குலம் வரை சிறிது கருமை. பின்கட்டை ரப்பர் அடிக்காக அறுக்கப்பட்டிருக்கிறது.

திருத்துநன் எழுதியது:

மூன்று துளைகள் என்றதும் என் ஐம்பது, நூறு டொலர் கூடுதல் போய்விட்டது. மரத்தை மாற்றலாம், கடினப்படுத்திய உடலில் போட்ட துளையைத் திருகாணியால் அடைக்கலாமே தவிர இல்லாததாக்க முடியாது. வெல்டிங் செய்து மறைத்தால் இரும்பின் பதம் கெடும், நேர்மையும் கெடும். முழுநீளக் குழல் ஒன்றுதான் எனக்கு இதில் ஆறுதல்.

போல்ட் மாறியிருப்பது விலையைவிடப் பாதுகாப்புக்குரிய விடயம். .303 ரவை விளிம்பு உள்ளது. போல்ட் முகத்துக்கும் குழலுக்கும் இடையே அந்த விளிம்புக்கு விடும் இடைவெளி இராணுவ அளவில் 0.064 அங்குலத்துக்கும் 0.074 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்யத்தான் 0, 1, 2, 3 என்று நான்கு நீளங்களில் போல்ட் தலைகள் செய்தார்கள். வேறு துவக்கின் போல்ட்டை எடுத்துப் போட்டவர் அதை அளந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. துவக்குத் திருத்துபவரிடம் அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான கூலியை விலையிலிருந்து கழிப்பது நியாயம். குழல் வாயின் தேய்மானத்தை அறிய, ரவையை அல்ல, வெடிமருந்தும் கோதும் (பித்தளை உறையும்) இல்லாத வெறும் சன்னத்தை வாயில் வைத்துப் பாருங்கள். கோது இருந்த எல்லை வரை உள்ளே போய்விட்டால் வாய் தேய்ந்திருக்கிறது.

கானகன் எழுதியது:

அந்தத் துளைகள் உங்களுக்கு இழப்பு, எனக்கு இலாபம். தொலைநோக்கி பூட்டத் தயாராக இருக்கும் துவக்கு வேட்டைக்காரனுக்குச் செலவை மிச்சப்படுத்துகிறது. அந்தக் கே4 எல் பாசோவில் செய்த உருக்குக் குழாய் வகை என்றால், கண்ணாடிக்குள் பூஞ்சணம் இல்லாதவரை தனியாகவே 60, 70 டொலர் பெறும். பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரை நோக்கிப் பாருங்கள். சிலந்தி வலை போல ஏதும் தெரிந்தால் அந்த 70ஐ மறந்துவிடுங்கள்.

பழந்துவக்கு எழுதியது:

எனவே நான் இப்படி மதிப்பிடுவேன். இதை நல்ல நிலையில் உள்ள வேட்டைத் துவக்காக மட்டும் எடுத்துக்கொண்டால் 350. தொலைநோக்கியும் தாங்கியும் தெளிவாக இருந்தால் 60. முழுநீளக் குழலுக்கு 25 கூட்டுகிறேன். மாறிய போல்ட்டைச் சோதிக்கும் கூலிக்கு 40 கழிக்கிறேன். 395 வருகிறது; 400 என்று வையுங்கள். லோங் பிராஞ்ச் என்ற பெயருக்கும் 1943க்கும் இராணுவச் சின்னங்களுக்கும் நான் எதுவும் கூட்டவில்லை. அவற்றுக்குப் பணம் கொடுப்பவர்கள் இந்தத் துவக்கை வாங்க மாட்டார்கள்.

மருமகனுக்கு ஒரு வழி சொல்லுங்கள். விற்பவர் கேட்கும் விலைகளைப் பாராமல், ஏலங்களில் முடிந்த விலைகளைப் பார்க்கட்டும். அதிலும் சுத்தியல் விழுந்த தொகை வேறு, வாங்குபவர் செலுத்தும் தொகை வேறு: ஏல நிறுவனத்தின் கட்டணமும் ஒன்ராறியோவின் 13 வீத வரியும் அதன் மேல் ஏறும், விற்பவர் பங்கிலிருந்தும் தரகு கழியும். வாங்குபவர் 500 செலுத்தியதாகத் தெரியும் ஒரு துவக்குக்கு, விற்ற குடும்பத்தின் கைக்கு 350கூட வந்திருக்காது. கடையில் கொடுத்தாலும் கடைக்காரர் தம் இலாபத்தை வைத்துத்தான் எடுப்பார். நீங்கள் நேரடியாகக் கொடுக்கும் 400 அந்த அம்மாவின் கையில் முழுதாகச் சேர்கிறது என்பதை அவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

மெஸ்கீட் எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. வாங்குபவரே மதிப்பிடுபவராக இருக்கும்போது, வரம்பின் மேல்முனையில் நிற்பதுதான் முறை. 350க்கும் 450க்கும் இடையில் எது கொடுத்தாலும் சந்தை விலையே என்றால், நான் 450 கொடுப்பேன். அந்த அம்மா உங்களை நம்பி வேறு யாரிடமும் கேட்காமல் இருக்கிறார். கேட்டிருந்தால் யாராவது ஒருவர் 450 சொல்லியிருக்கக்கூடும்.

பழந்துவக்கு எழுதியது:

அதை மறுக்க மாட்டேன். 450க்கு மேல் போனால் மட்டும், அது விலை அல்ல, அன்பளிப்பு என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். மருமகன் அதையே அடுத்த துவக்குக்கும் அளவுகோலாக்கிவிடக் கூடாது.

ஏரிக்கரையான் எழுதியது:

தொலைநோக்கியைச் சுவரை நோக்கிப் பார்த்தேன். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. வெறும் சன்னம் வாயில் கோதின் எல்லைக்கு முன்னரே நின்றுவிட்டது. துளைகளின் கோணல் நேர்கோட்டை மருமகனுக்கும் காட்டி, அவர் பார்த்த விளம்பரத்தில் உள்ள படத்தைப் பக்கத்தில் வைத்து, எந்தெந்தப் பகுதிகள் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். முழுக் கட்டை, மேற்கட்டைகள், பட்டிகள், பின்குறி என்று போகப் போக அவரே கைத்தொலைபேசியை அணைத்துவிட்டார். 440 என்று முடிவு செய்தோம். சோதனைக் கூலி என் பொறுப்பு. தவணை இல்லை, காசோலை இல்லை, கையில் பணம்.

கையளிப்பு முறையில் ஏதேனும் கவனிக்க வேண்டுமா? அந்த அம்மாவிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. கணவரின் உயிலை நிறைவேற்றுபவர் அவர்தான்.

திருத்துநன் எழுதியது:

உயில் நிறைவேற்றுபவர் என்ற முறையில், சொத்தைத் தீர்க்கும் நியாயமான காலம் வரை அவர் வைத்திருக்கலாம். அனுமதிப்பத்திரம் உள்ளவருக்குக் கொடுக்கவும் செய்யலாம். உங்கள் துவக்கு கட்டுப்பாடற்ற வகை. முன்கட்டை வெட்டப்பட்டது சட்டத்துக்கு ஒரு பொருட்டல்ல. குழல் அறுக்கப்பட்டு 457 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் அது தடை செய்யப்பட்டதாகி, விலை பற்றிப் பேச்சே இருந்திருக்காது, உங்களுடையது 640. ஆனால் 2022 மே மாதத்திலிருந்து கட்டுப்பாடற்ற துவக்குக்கும், கையளிப்பதற்கு முன் வாங்குபவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்று சரிபார்த்து, உசாத்துணை இலக்கம் ஒன்றைப் பெற வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியவர் விற்பவரே. எனவே கணவரின் இறப்புச் சான்றிதழையும் உயில் பத்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, அந்த அம்மாவைத் தொலைபேசியில் துவக்குத் திட்ட அலுவலகத்தோடு பேச வையுங்கள். இலக்கம் வந்த பிறகு பணமும் துவக்கும் கை மாறட்டும். இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளில் தொடரிலக்கம், தொகை, திகதி, "முன்கட்டை வெட்டப்பட்டது, இடப்பக்கத்தில் மூன்று துளைகள், போல்ட் இலக்கம் ஒவ்வாதது" என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். போல்ட் இடைவெளியை அளந்த பின் அளவு 0.074ஐத் தாண்டினால் இங்கே எழுதுங்கள். 3ஆம் இலக்கப் போல்ட் தலை ஒன்று என் பெட்டியில் கிடக்கிறது.